நிபந்தனை விடுபட்ட கட்டளை

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘கலர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். இணையப் பக்கங்களுக்கு நிறமும் எழுத்தும் பொருத்துவதில் அவ்வளவு கெட்டிக்காரி. சர்வர் வேலையைப் பார்த்துவந்த புரோகிராமர் விலகிப் போனதும் முதலாளி, “முகத்துக்குப் பவுடர் போட்டது போதும். உள்ள குடல் எப்படி ஓடுதுன்னு நீயே கத்துக்கோ” என்றார்.

மூன்று மாதம் கற்றாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் டேட்டாபேஸின் ஒழுங்கு அவளுக்குப் பிடித்தும் போயிற்று.

ஒரு பாட்டுப் பள்ளியின் தளத்தில் ஒரு மாணவனின் பெயர் இரண்டு முறை பதிவாகியிருந்தது. ஒன்றை நீக்கக் கட்டளை எழுதினாள். எந்த வரியை என்று சொல்லும் நிபந்தனையை எழுத மறந்து என்டர் தட்டிவிட்டாள். நானூறு பெயர்களும் போயின. அவற்றோடு அவர்கள் பாடிப் பதிந்த பாட்டுகளும் போயின. கைவசம் இருந்த நகல் இரண்டு வருடப் பழசு.

பாட்டு டீச்சர் திட்டவில்லை. “விடும்மா, திரும்பப் பாட வச்சாப் போச்சு” என்றார். பாடவும் வைத்தார். பழைய நகலிலும் இல்லாத ஒரு பெண்ணின் பாட்டு மட்டும் வரவில்லை. அவள் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிறகு வீடு திரும்பவே இல்லை.

நான்கு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். பஸ் டிரைவர், சீருடையிலேயே வந்திருந்தார்.

“போன்ல அவ பேசுறது இருக்குங்க, பாடுறது இல்ல. எங்க முன்னாடி பாட வெக்கப்படுவா. டீச்சர்கிட்ட கேட்டா பதில் சொல்லாம அழறாங்க. அதான் நேரா இங்கயே வந்துட்டேன்.”

முதலாளி அவளை உள்ளே அழைத்தார். “சர்வர் பழுதுன்னு சொல்லி அனுப்பு. அவருக்கு என்ன தெரியப்போகுது?”

அவள் வெளியே வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். “நான்தான் சார் அழிச்சேன். புதுசாக் கத்துக்கிட்டிருந்தேன், கை தவறிடுச்சு. இனி எடுக்க முடியாது.”

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“நீங்களாவது கேட்டிருக்கீங்களா? எப்படிப் பாடுவா?”

அவள் இல்லையென்று தலையசைத்தாள். அந்தப் பாட்டுகள் வரும் பக்கத்தை இழைத்து இழைத்துச் செய்தவள் அவள். ஒன்றையும் ஓடவிட்டுக் கேட்டதில்லை.

“தேடிக்கிட்டிருக்கோம்னு சொல்லியிருக்கலாம்மா. நான் பாட்டுக்குக் காத்துக்கிட்டிருந்திருப்பேன்” என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. வாசல் வரை போனவர் திரும்பி, “அந்தப் பக்கத்துல அவ பேராவது இருக்கட்டும்” என்றார்.

அவர் போனதும் புது வரி ஒன்று எழுதினாள். பாட்டு இல்லாமல் பெயரை ஏற்க மறுத்தது டேட்டாபேஸ். விதியைத் தளர்த்தி மறுபடி எழுதினாள். இம்முறை ஏற்றுக்கொண்டது. பக்கத்தைத் திறந்தாள். மற்றப் பெயர்களுக்குப் பக்கத்தில் பாட்டை ஓடவிடும் பொத்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளை. அங்கே என்ன வைப்பது என்று கலருக்குத் தெரியவில்லை.