வாலில்லாத சுல்தான்

டோராலிசி வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த நாய், கசாப்புக்காரர் ஜெனேசியோ உள்ளே வந்தால் மட்டும் உறுமியது. நூலால் ஆன நாய்தான். கட்டத் துணியில் ஆயிரக்கணக்கான பெருக்கல் குறிகளாகத் தைத்தது. பெத்ரா மான்ஸா ஊரில் அதற்காக யாரும் வாயைப் பிளக்கவில்லை. தையல்காரி சுல்மீரா தைத்துக் கொடுத்த செல்லப் பிராணிகள் எல்லாமே கொஞ்சம் அப்படித்தான். தபால் நிலையத்துப் பூனை மழைக்கு முந்தைய நாள் காதை மடக்கும். பாதிரியாரின் கிளி வெள்ளிக்கிழமை இறகு உதிர்க்கும். அவருடைய சமையற்காரி அதைப் பெருக்கித் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பாள். நாய் உறுமுவதில் ஊருக்கு ஆச்சரியமில்லை. ஏன் ஜெனேசியோவைப் பார்த்து மட்டும் உறுமுகிறது என்பதுதான் ஊரின் கவலை.

உயிரோடிருந்தபோதும் அந்த நாய், சுல்தான், அப்படித்தான். டோராலிசியின் புருஷன் குட்டியிலேயே அதன் வாலை ஒட்ட நறுக்கிவிட்டார், அதுதான் கம்பீரம் என்று. அவர் செத்தபின் அது அவள் கால்மேல் படுத்துத் தூங்கியது. அந்தச் சூடு இல்லாவிட்டால் அந்த வருஷத்தை அவள் தாண்டியிருக்க மாட்டாள். பிறகு ஜெனேசியோ ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தார். எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் சம்மதம்தான். சொல்ல வாயெடுத்த வாரம், வாயில் ஈரல் துண்டோடு சுல்தான் கொல்லையில் விறைத்துக் கிடந்தது.

"ஈரல் யாரு கடையில கெடைக்கும் அண்ணி?" என்றாள் ஜந்திரா. இறந்த புருஷனின் தங்கை, அடுத்த வீட்டுக்காரி. "அது அவனைக் கண்டா உறுமும். அவனுக்குப் பொறுக்கல. நாளைக்கு எங்க அண்ணன் கட்டின இந்த வீட்டுல வந்து உக்காந்துக்கிட்டு உங்களையும் என்ன பண்ணுவானோ!"

ஊரே அந்தக் கடையில்தான் ஈரல் வாங்கியது என்பது யாருக்கும் தோன்றவில்லை. டோராலிசிக்கும் தோன்றவில்லை. அவர் வந்தால் காபி கொடுத்துவிட்டு அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுல்தான் நினைவாகச் சுல்மீராவிடம் தைக்கச் சொன்ன படம் வந்து மாட்டியபின் அதுவும் அவரைப் பார்த்து உறுமவே, பிடித்திருந்த மனிதரை இப்படிச் சந்தேகப்படுகிறோமே என்று தனியாக அழுதாள். ஜந்திரா வந்தால் நாய் மூச்சு விடாது. "பாத்தீங்களா, நாய்க்குத் தெரியும்" என்பாள் அவள்.

அந்த ஊர்ப் பெண்கள் எந்தத் தையலையும் முன்பக்கம் பார்த்து மெச்ச மாட்டார்கள். திருப்பிப் பார்ப்பார்கள். பின்பக்கம் ஒரு முடிச்சு தெரிந்தால் போதும், மானம் போயிற்று. சுல்மீராவோ தன் படங்களின் முதுகில் தடித்த அட்டை வைத்து ஆணி அடித்துவிடுவாள். அதனால் அவள்மேலும் சந்தேகம். ஜூன் மாதத் திருவிழாவன்று டோராலிசி வீட்டில் பெண்கள் கூடியிருந்தபோது ஜந்திரா படத்தைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்தாள்.

"தொடாதே" என்றாள் சுல்மீரா. "முன்பக்கந்தான் நான் தைச்சது. பின்பக்கம் என் கைவேலை இல்ல."

"பின்ன, பேயா வந்து தைச்சுது? மூட்டை மூட்டையா முடிச்சு கெடக்கும், அதான மறைக்கிற?" ஜந்திரா கத்தியைச் செருகி அட்டையை நெம்பினாள்.

முடிச்சே இல்லை. அங்கே நாயின் பின்பக்கம் இருந்தது. இடுப்பு, பின்னங்கால்கள், குட்டியில் போனதிலிருந்து யாரும் பார்த்திராத வால், நீளமாகவும் புசுபுசுவென்றும். டோராலிசி படத்தை வெடுக்கென்று பிடுங்கி பின்பக்கம் தன்னைப் பார்க்க நெஞ்சருகே நிமிர்த்திப் பிடித்தாள். சரியாக அந்நேரம் ஜெனேசியோ திருவிழாத் தொத்திறைச்சியோடு வாசலில் வந்து நின்றார். நாய் பல்லைக் காட்டி உறுமியது. பின்பக்கம், டோராலிசியின் கண்ணெதிரே, வால் படபடவென்று ஆடிச் சட்டத்தின் இருபுறமும் அடித்தது. அவள் சிரித்தாள், உடனே அழுதாள். சந்தோஷத்தைச் சொல்ல வாலில்லாமல் பாவம், அத்தனை வருஷமும் அது தொண்டையால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"என்ன அப்படி அதிசயம்?" என்று ஜந்திரா மேஜையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, நாயின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். நாய் வாயை மூடிக்கொண்டது. வால் தொங்கியது, மெல்லச் சுருண்டது, கால்களுக்கு நடுவே போய் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. டோராலிசியின் தோளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். முன்னால் நின்ற ஜந்திராவுக்கு மட்டும் அது தெரியவில்லை.

"பாத்தீங்களா அண்ணி, எங்கிட்ட எவ்வளவு சாது!"

சுல்மீரா காபி ஊற்றப் போனாள்.

அதற்காக ஊர் பொங்கி எழவில்லை. செப்டம்பரில் கல்யாணம் நடந்தது. ஜெனேசியோ படத்தைச் சுவரில் மாட்டாமல், முன்னறையின் நடுவில் இரண்டு கம்பிகளில் தொங்கவிட்டார். வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறவர்கள் வாலைப் பார்க்கிறார்கள். இப்போது ஊரில் யாரும் அட்டை அடித்த படம் வாங்குவதில்லை. ஜந்திராவும் வந்து காபி குடித்துவிட்டுத்தான் போகிறாள். அவள் கொண்டுவரும் சோள கேக்கை டோராலிசி சிரித்தபடி வாங்கி வைக்கிறாள், யாரும் சாப்பிடுவதில்லை.