கழுவாமல் பூசிய சாயம்

ஆறாங்கட்டைத் தோட்டத்து ஆண்களைச் சயாமுக்கு லாரியில் ஏற்றிப் போன மறுநாள் காலையில், அவர்களுடைய காலடிகள் மட்டும் திரும்பி வந்திருந்தன. பங்களாவுக்கு முன்னால் இருந்த பலகைத்தளத்தில், முதல் நாள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு யார் எங்கே நின்றார்களோ அங்கேயே, வரிசை கலையாமல் ஈரமாக இருந்தன. இரவில் மழை பெய்யவில்லை. அந்த வாரம் சிரம்பானில் உப்பு விலை மறுபடியும் ஏறியிருந்தது. தொழிலாளர் லயத்துப் பெண்கள் குழாயடியில் இரண்டு செய்திகளையும் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டார்கள். தண்ணீர் பிடிக்கும் முறை வந்ததும் இரண்டையும் விட்டுவிட்டுக் குடத்தை வைத்தார்கள்.

அந்தத் தளத்தை வெள்ளைக்கார துரை சாயங்காலத்தில் உட்கார்ந்து குடிப்பதற்காகப் போட்டிருந்தார். மேலே கூரை கிடையாது. மெராந்திப் பலகைகளை விரல் நுழையும் இடைவெளி விட்டு ஆணியடித்து, ஒவ்வொரு வருடமும் மழைக்காலத்துக்கு முன்னால் கப்பலில் வந்த டின் சாயத்தைப் பூசச் சொல்வார். பூசுவது சன்னாசியும் அவன் மனைவி மயிலம்மாளும். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் பக்கம் போனார், டின்கள் காலியாகவே கிடந்தன. பிறகு பங்களாவுக்கு வந்த ஜப்பான் அதிகாரியையும் எல்லாரும் துரை என்றே அழைத்தார்கள். பங்களாவில் குடியிருப்பவருக்கு வேறு பெயர் அவர்களுக்குத் தெரியாது. அவர் மண்ணில் இறங்க விரும்பாததால் பெரட்டைத் தளத்திலேயே வைத்தார். அப்படித்தான் ரப்பர் பாலும் செம்மண்ணும் ஒட்டிய வெறுங்கால்கள், அதுவரை சப்பாத்துகள் மட்டும் நடந்த பலகையில் ஏறி நின்றன. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று சொன்ன அன்று சன்னாசியையும் சேர்த்து எல்லாரையும் அங்கிருந்தே லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

பங்களாவைக் கூட்டிக் கழுவுவது மயிலம்மாளின் வேலை. தூரப் பயணம் போனவர் போய்ச் சேரும்வரை, அவர் புறப்பட்ட இடத்தைக் கூட்டவோ கழுவவோ கூடாது என்பது லயத்தில் எல்லாருக்கும் பழக்கம். கழுவினால் திரும்பி வரும் வழி அழிந்துவிடும். போய்ச் சேர்ந்த சேதி வரட்டும் என்று அவள் துடைப்பத்தைத் தளத்துக்கு அடியில் செருகி வைத்தாள். சேதி வரவில்லை. அதனால் தளம் கழுவப்படவும் இல்லை.

சேதிக்குப் பதிலாகக் காலடிகள் வந்தன. மரம் சீவுகிறவர்கள் விடியுமுன் இருட்டில் ஒருவர் பின்னால் ஒருவர் நடந்து பழகியவர்கள், முகத்தைவிடப் பாதத்தை நன்றாக அறிவார்கள். அதனால் எது யாருடையது என்பதில் தகராறு வரவில்லை. வீரமுத்துவின் தடங்கள் மட்டும் மற்றவற்றோடு சேராமல் கள்ளுக்கடைப் பக்கமாகத் திரும்பியிருந்தன. அவன் எந்தப் பெரட்டிலும் அப்படித்தான் நிற்பான். ஒவ்வொரு விடியலிலும் தடங்கள், அந்தந்த ஆள் சயாமில் எதில் நின்றானோ அதனால் ஈரமாகியிருந்தன. ஒரு நாள் ஆற்று மணல், ஒரு நாள் நெகிரி செம்பிலானில் எங்கும் இல்லாத சாம்பல் நிறச் சேறு, சில நாள் இரத்தம். வெயில் ஏறியதும் உலர்ந்து மங்கிய அழுக்குத் தடமாகிவிடும். ஒரு தடம் விடியலிலேயே காய்ந்து கிடந்தால், அந்த வீட்டுப் பெண் தாலியைக் கழற்றிவிட்டு மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனாள். பிறகு அந்தத் தடம் ஈரமாகவே இல்லை.

ஜப்பான் துரைக்கு இதில் இருந்த ஒரே குறை காலுறை நனைவதுதான். விடிந்ததும் காலுறையோடு தளத்துக்கு வந்து சூரியனைப் பார்த்துக் குனிவது அவர் வழக்கம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சில மாதம் தேடினார். தேடிக் களைத்த பிறகு தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி இராஜமாணிக்கத்தைக் கூப்பிட்டுச் சொன்னார். சிரம்பானிலிருந்து பெரிய அதிகாரி தோட்டத்தைப் பார்க்க வருகிறார். அதற்குள் தளத்தைத் தேய்த்துக் கழுவி, ஒரு தடமும் தெரியாதபடி சாயம் பூச வேண்டும். தெரிந்தால் பலகையைப் பெயர்த்து, ரப்பர் உலர்த்தும் புகைவீட்டில் விறகாக எரித்துவிடுவார்.

கிராணி அதை மயிலம்மாளிடம் வந்து சொன்னபோது அவள் மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"கழுவச் சொல்றாரு மயிலு. சாயம் பூசச் சொல்றாரு. சாயம் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லல."

"பூசறேன் கிராணியாரே. கழுவ மாட்டேன்."

"கழுவாம அடிச்சா அழுக்கு உள்ளயே நின்னுப்புடும்லா. உனக்குத் தெரியாததா?"

"நிக்கட்டும்."

கிராணிக்கு லாரியில் போன தம்பி ஒருவன் இருந்தான். அவர் ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டு போனார்.

கழுவினால் சன்னாசிக்கு வழி போய்விடும், எரித்தாலும் போய்விடும். துரையின் கண்ணுக்குத் தெரியாமலும் காலடி சாகாமலும் இருக்க ஒரு சாயம் வேண்டும். மயிலம்மாள் பக்கத்து ஊரான சுவாவுக்கு நடந்து போய் குலாம் முகம்மதுவின் கடையில் கேட்டாள். அவருடைய கடையில் அப்போது கருவாடு, தேங்காயெண்ணெய் விளக்குத் திரி, காலி அலமாரிகள் தவிர வேறொன்றும் இல்லை.

"தடம் தெரியக் கூடாது, ஆனா மறையவும் கூடாதாக்கும்," என்றார் அவர். "இதுக்கு நீ என்கிட்ட வரப்படாது தங்கச்சி. ஜின்னுகிட்ட போவணும். அவன்கூட முன்பணம் கேப்பான்."

"பாய், கிண்டல் பண்ணாதீங்க. பூசறதுக்கு என்ன இருக்குன்னு சொல்லுங்க."

கடைக்குப் பின்னால் கிடந்தவை மூன்று. ரோட்டுக்காரர்கள் விட்டுப்போன ஒரு டின் தார், லாரியில் ஓடிக் கறுத்த பழைய எண்ணெய், போர்ட் டிக்சன் கடலோரச் சேற்றில் வளரும் பாக்காவ் மரத்தின் பட்டை. மீன்பிடிக்கிறவர்கள் வலையை இற்றுப்போகாமல் காக்க அந்தப் பட்டையைக் கொதிக்க வைத்துச் சாயம் எடுப்பார்கள். பட்டைச்சாயம் மழையில் ஓடுமே என்றாள். அதன்மேல் எண்ணெய் அடித்தால் ஓடாது, ஆனால் ஆளி எண்ணெய்க்கு இப்போது எங்கே போவது என்றார். தோட்டத்தில் கால் வைக்கிற இடமெல்லாம் ரப்பர் கொட்டை கிடப்பது அவளுக்கு நினைவு வந்தது. அதை இடித்துப் பிழிந்த எண்ணெயும் மெல்லக் காய்ந்து தோல் போலப் படியும். மூன்றையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

எந்தச் சாயத்தையும் மறைவான ஒரு மூலையில் பூசிப் பார்த்துவிட்டுத்தான் முழுதும் பூச வேண்டும். ஆனால் இங்கே தடத்தின் மேல் பூசிப் பார்த்தால்தான் தெரியும். அடுத்தவர் புருஷனின் காலில் அவள் கை வைக்க முடியாது. அதனால் சன்னாசியின் இடது காலை எடுத்துக்கொண்டாள். சுண்டுவிரல் பட்ட இடத்தில் தாரைத் தொட்டு வைத்தாள். அதற்கு அடுத்த விரலில் லாரி எண்ணெய். கட்டைவிரலில் பட்டைச்சாயம் பூசிக் காயவிட்டு, அதன்மேல் ரப்பர் கொட்டை எண்ணெய்.

மறுநாள் விடியலில் குனிந்து பார்த்தாள். பாதம் முழுதும் சேற்று நீரால் நனைந்திருந்தது. சுண்டுவிரல் இருந்த இடம் மட்டும் காய்ந்திருந்தது. தார் மரத்தின் மூச்சை அடைத்துவிட்டது. அவள் தாரைச் சுரண்டி எடுத்தாள், ஆனாலும் அந்த இடம் மறுபடி நனையவில்லை. லாரி எண்ணெய் தடவிய விரல் நனைந்தது, ஆனால் எண்ணெய் காயாமல் பிசுபிசுத்து எறும்புகள் ஒட்டியிருந்தன. கட்டைவிரலில் மட்டும் ஈரம் சாயத்தின் ஊடாக மேலே வந்து முத்து முத்தாக நின்றது. வெயில் பட்டதும் ஈரம் போய், தடமும் பலகையின் நிறத்துக்குள் போய் மறைந்துவிட்டது. அன்று அவள் அதற்குச் சந்தோஷப்படவில்லை. சுண்டுவிரலை நினைத்துக்கொண்டே வேலைக்குப் போனாள்.

பூசத் தொடங்கிய அன்று செல்லம்மா தளத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் வீரமுத்துவின் மனைவி.

"ஏடி மயிலு, ஒம்புருசன் காலுக்கு நீ என்னத்த வேணா பூசிக்க. எம்புருசன் காலத் தொட்டே, கைய ஒடிச்சுப்புடுவேன்."

"தொடலன்னா துரை எரிச்சுப்புடுவாருக்கா."

"எரிக்கட்டுமே பாப்போம்! ஒரு வெரல நீ தின்னுப்புட்ட. மிச்சத்த யாரு தருவா?"

மயிலம்மாள் சன்னாசியின் வலது காலை முழுதாகப் பூசினாள். அன்று பூசியது அவ்வளவுதான். செல்லம்மா ராத்திரி முழுக்க அங்கேயே படுத்திருந்தாள். விடியலில் அந்தக் கால் குதிகால் முதல் விரல் நுனிவரை நனைந்ததைத் தொட்டுப் பார்த்து, விரலை மோந்தும் பார்த்தாள்.

"ஆத்துத் தண்ணிதான்," என்றாள். "குடு அந்தப் பிரஷ்ஷ. எம்புருசன் காலுக்கு நாந்தான் பூசுவேன். நீ அவசரக்காரி."

வெயில் சேர்ந்தாற்போல் நான்கைந்து நாள் அடித்து மரம் உள்வரை காய்ந்திருந்தது. தேங்காய் மட்டையின் நுனியை நசுக்கிப் பிரஷ் செய்தார்கள். பட்டையைப் பழைய டிரம்மில் கொதிக்க வைத்து, ஒரு பலகையை ஒரு முனையில் ஆரம்பித்தால் மறுமுனைவரை நிறுத்தாமல் மரத்தின் ரேகையோடு இழுத்தார்கள். நடுவில் நிறுத்தினால் அந்த இடம் இரட்டைச் சாயம் குடித்துக் கோடாக நிற்கும். பலகையின் வெட்டு முனைகள் அதிகம் குடித்தன, அவற்றுக்கு இரண்டு முறை கொடுத்தார்கள். உச்சி வெயிலில் தொடவில்லை. எண்ணெய் பூசிய பிறகு, மரம் குடிக்காமல் விட்டதைச் சாக்குத்துணியால் துடைத்து எடுத்தார்கள். ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டு ஆள் நின்ற இடத்தைத் தானே பூசினாள். காய்ந்துபோன தடங்களையும் பூசினார்கள். யாரும் பலகையைக் கழுவவில்லை, ஒரு தூசியையும் ஊதிவிடவில்லை.

தளம் பாக்கு நிறத்தில் ஒரே சீராக நின்றது. ஜப்பான் துரை அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். புதுச் சாயம், பனி காய்வதற்கு முன்னால் மிதித்தால் காலுறையில் ஒட்டிக்கொள்ளும் என்று கிராணி அவரிடம் சொல்லி வைத்தார். துரைக்கு வெள்ளைக் காலுறை. அதனால் வெயில் ஏறும்வரை கதவைத் திறக்காமல் சன்னலிலிருந்தே சூரியனுக்குக் குனிந்தார். தடங்கள் நனைவதும் மறைவதும் அவர் கதவைத் திறக்குமுன்னே வெளியே முடிந்துவிட்டன.

ஆனால் சிரம்பான் அதிகாரி வெயிலுக்கு முன்னால் வந்துவிட்டார். அவருடைய கார் நின்றபோது தளம் முழுக்கத் தடங்கள் ஈரத்தில் மின்னிக்கொண்டிருந்தன. துரை சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஓடி வந்து பார்த்தார். தளத்துக்கு அடியில் செருகியிருந்த துடைப்பத்தைப் பிடித்தபடி நின்ற மயிலம்மாள், புகைவீட்டில் தீ மூட்டியிருக்கிறதா என்று புகைபோக்கியைத் திரும்பிப் பார்த்தாள். மூட்டியிருந்தது.

"யார் இவர்கள்?" என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

கிராணிக்குப் பொய் எதுவும் அகப்படவில்லை. "பெரட்டுக்கு வந்த ஆளுங்க, துவான்," என்றார்.

அதிகாரி வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். விடியுமுன்னே எல்லாரும் வந்துவிட்டதையும் வரிசை நேராக இருந்ததையும் பாராட்டினார். வேறெந்தத் தோட்டத்திலும் இப்படி ஒழுங்கு இல்லை என்றார். வீரமுத்துவின் தடங்களுக்கு முன்னால் மட்டும் நின்று, இந்த ஆள் ஏன் கோணலாக நிற்கிறான் என்று அதட்டினார். தடங்கள் திரும்பவில்லை. அதிகாரி போன பிறகு துரை பலகையை எரிக்கும் பேச்சை எடுக்கவே இல்லை. மறுநாளிலிருந்து வெறுங்காலோடு விடியலில் வந்து, தடங்களுக்கு நடுவில் மிதிக்காமல் நடந்து பெரட்டு எடுத்தார். ஏதாவது ஒன்று காய்ந்துவிட்டால், ஆள் வேலைக்கு வரவில்லை என்று அன்று முழுக்கக் கோபமாக இருந்தார்.

ஜப்பான் சண்டை முடிந்தது. திரும்பி வந்த வெள்ளைக்காரர்கள் ஜப்பான் துரையை வேறு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் பெண்கள் மறுபடியும் தளத்துக்குச் சாயம் பூசினார்கள். அதற்குப் பிறகு ஆண்கள் ஒருவர் இருவராகச் சயாமிலிருந்து வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். எல்லாருடைய உள்ளங்காலும் பாக்கு நிறத்தில் இருந்தது, தேய்த்தாலும் போகவில்லை. சுற்றுவட்டாரத்தில், சுங்கை காடுட்டிலும் செண்டாயானிலும், அவர்களை யாராவது எந்தத் தோட்டம் என்று கேட்டால் காலைத் தூக்கிக் காட்டினால் போதும். அந்தச் சாயக் காலில் முள் ஏறவில்லை, சயாமில் மற்றவர்களுக்குக் கால் அழுகியபோது தங்களுக்கு அழுகவில்லை என்றார்கள்.

சன்னாசி ஒரு மத்தியானத்தில் வந்தான். லயத்துக்குப் போகாமல் நேரே தளத்தில் ஏறி, தான் நின்ற இடத்தில் நின்றான். மயிலம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து இடது காலைப் பார்த்தாள். சுண்டுவிரல் இல்லை. அதற்கு அடுத்த விரல் எண்ணெய் வழிந்து பளபளத்தது.

"ஒரு நா காலையில எந்திரிச்சுப் பாத்தேன், காணோம்," என்றான் அவன். "வலியே இல்ல, மயிலு. எங்க போச்சுன்னு இன்னைய வரைக்கும் தெரியல."

"இங்கதான் போச்சு. தார் அடிச்சுப் பாத்தேன்."

"அடுத்த வெரலு?"

"அது லாரி எண்ண."

சன்னாசி காலைத் திருப்பிக் கட்டைவிரலையும் பார்த்துக்கொண்டான். "இது நல்ல சாயம்தான்," என்றான்.

அவள் தளத்துக்கு அடியிலிருந்து துடைப்பத்தை உருவினாள். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவன் நின்ற இடத்தை மட்டும் சாயம் போகத் தேய்த்துக் கழுவினாள். இரண்டு பாதங்களின் அளவுக்குப் பலகை வெளிறித் தெரிந்தது. மறுநாள் விடியலில் அது காய்ந்திருந்தது, அதைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. திரும்பி வந்தவர்களின் இடங்களெல்லாம் இப்படி வெளிறின. வராமலே காய்ந்துபோனவர்களின் இடங்களை அவரவர் வீட்டுப் பெண்கள் அப்படியே விட்டுவிட்டார்கள்.

வீரமுத்து வரவில்லை. அவனுடைய தடங்கள் காயவும் இல்லை. கள்ளுக்கடைப் பக்கம் திரும்பியபடி தினமும் விடியலில் நனைந்திருந்தன. புதிதாக வந்த வெள்ளைக்கார துரை அவற்றைச் சுற்றி நடக்கப் பழகிக்கொண்டார். செல்லம்மா ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் பட்டையைக் கொதிக்க வைத்து, அந்த இரண்டு தடங்களுக்கும் குதிகாலிலிருந்து விரல்வரை நிறுத்தாமல் சாயம் இழுப்பாள். கழுவிவிடலாமே என்று யாராவது கேட்டால், மனுசன் இன்னும் போய்ச் சேரவில்லை, வழியில் எங்கோ நின்றுகொண்டிருக்கிறார் என்பாள். கேட்டவர்கள் சரி என்று சொல்லிவிட்டுப் பலகையை மிதிக்காமல் போவார்கள்.