மோட்டார் சீட்டுக்கு அடியில் அக்காவின் ஐசி

காலை எட்டு மணிக்கு அக்கா பிரேமலாவின் ஐசி, அதாவது அடையாள அட்டை, என் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் இருந்தது. சீட் திறக்கவில்லை. பத்தரைக்கு சிகாமட்டில் அவளுடைய திருமணப் பதிவு. அசல் ஐசி இல்லாமல் கையெழுத்துப் போட விடமாட்டார்கள். எங்கள் ஊர் லாபிசிலிருந்து அங்கே போக முக்கால் மணி நேரம் ஆகும்.

தவறு என்னுடையது. நான்கு வருடம் சிங்கப்பூரில் இரவு வேலை பார்த்தேன். பாஸ்போர்ட்டை மழைக்கோட்டுப் பையில் வைத்து, கோட்டைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் திணிப்பேன். மழையோ வெயிலோ, பாஸ்போர்ட்டும் கோட்டும் சேர்ந்தே சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டும். மார்ச்சில் வேலையை விட்டேன். கை பழக்கத்தை விடவில்லை. நேற்று நகலெடுத்துவிட்டு ஐசியையும் அந்தப் பையிலேயே போட்டேன். கோட்டைச் சுருட்டச் சோம்பல். அப்படியே அமுக்கி, சீட்டின் மேல் குதித்து உட்கார்ந்து பூட்டினேன்.

பட்டுச்சேலையில் அக்கா வாசலில் நின்றாள்.

"திவா, உன்கிட்ட குடுத்த ஒரே வேலை இதுடா."

சீட்டைப் பிடித்து இழுத்தேன். சாவி கால்வாசி திரும்பி நின்றது. பக்கத்து வீட்டு சர்புதீன் பாய், கடைக்குக் கிளம்பியவர், தேங்காய் எண்ணெயோடு வந்து சாவித் துளையில் அரை பாட்டிலைக் கவிழ்த்தார். இருவரும் சேர்ந்து இழுத்தோம். மோட்டார்தான் தரையை விட்டு எழும்பியது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். அழ வேண்டிய நேரத்தில் வந்த சிரிப்பு என்பதால் அடக்க முடியவில்லை.

சிரித்துக்கொண்டே நான் சீட்டின் மேல் சரிந்தபோது, சாவியைப் பிடித்திருந்த பாய் அது கொஞ்சம் நகர்ந்ததாகச் சொன்னார். அப்போதுதான் உறைத்தது. உள்ளே கோட் சீட்டை மேலே தள்ளுகிறது, கொக்கி இறுகிப் பிடிக்கிறது. அரை மணி நேரமாக இழுத்து நாங்களே அதை இன்னும் இறுக்கியிருக்கிறோம். இழுக்கக் கூடாது, அமுக்க வேண்டும்.

நான் உட்கார்ந்தேன். பாய் எனக்குப் பின்னால் ஏறினார். இருவரும் ஒல்லி, சேர்ந்தாலும் நூறு கிலோ தேறாது. அக்கா சாவியைத் திருப்பினாள். பாதிவரை வந்தது. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கனம் வேண்டும் என்றாள்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் கார் வந்தது.

தங்கராஜு மாமா நூற்றுப் பதினான்கு கிலோ. கல்யாணத்துக்காக இரண்டு மாதமாகச் சோற்றைத் தொடவில்லை. அவர் எடையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு. குறிப்பாக நான்.

புது வேட்டியோடு இறங்கியவர், ஒரே சீட்டில் ஒட்டி உட்கார்ந்திருந்த எங்கள் இருவரையும் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். கனம் என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டேன். பாய் தென்னை மரத்தைப் பார்த்தார். மணி ஒன்பதே கால்.

அக்காவே பேசினாள். "நீங்க ஏறி உட்காருங்க."

"ஏன் நானு?"

அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"மாப்பிள்ளை நீங்கதானே லா," என்றார் பாய்.

மாமா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். "நாலு கிலோ எறங்கியிருக்கேன். பத்தலன்னா என்னைக் கொற சொல்லாதீங்க."

நாங்கள் இறங்கினோம். அவர் ஏறினார். சக்கரங்கள் பிதுங்கின. அக்கா சாவியைத் திருப்பினாள்.

டக்.

அவர் இறங்கியதும் சீட் தானாகத் துள்ளித் திறந்தது. மழைக்கோட் மாவு பொங்குவது போல மேலே வந்தது. அக்கா பையில் கைவிட்டு ஐசியை எடுத்தாள். அட்டை முழுக்கத் தேங்காய் எண்ணெய்.

பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். அதிகாரி ஐசியை வாங்கினார், கை வழுக்கியது, முகர்ந்து பார்த்தார், படிவத்தை நீட்டினார். அக்கா கையெழுத்துப் போட்டாள். மாமா வெளியே வந்ததும் முதல் வேலையாக எதிர்க்கடைக்கு நடந்தார். நான்கு ரொட்டி சானாய் கேட்டார். அக்கா அதை ஐந்தாக்கச் சொன்னாள்.