விருதுக்கு ஒரு குடும்பப் படம்

பஸ் டிரைவர் அன்று அரை நாள் லீவு போட்டார். கன்னம் பளபளக்க ஷேவ் செய்து, இருப்பதில் நல்ல சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டார். வேறொன்றுமில்லை, பெண்டாட்டி பக்கத்தில் உட்காரப் போகிறார்.

சிரிக்காதீர்கள். எட்டு மாதமாக அந்தக் கொடுப்பினை அவருக்கு இல்லை. வெயில் எப்போது கொளுத்தும், மழை எப்போது கொட்டும் என்று எவராலும் சொல்ல முடியாமல் போனதில், அவள் வேலை பார்க்கும் தையல் ஆலையில் பெண்கள் மெஷின் மேலேயே மயங்கி விழுந்தார்கள். நிர்வாகம் வேலையை ராத்திரிக்கு மாற்றியது. மயக்கம் நின்றது, கரண்டு மிச்சமானது, ஏற்றுமதி கூடியது. ‘நீடித்த வளர்ச்சி’ என்று விருதும் வந்துவிட்டது. யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை, அதுதான் கொடுமை. அவள் வந்து செருப்பைக் கழற்றும்போது இவர் மாட்டுவார். வீட்டில் ஓய்வே இல்லாதது கட்டிலுக்குத்தான்.

விருது மலருக்கு மகிழ்ச்சியான குடும்பம் ஒன்று வேண்டுமாம். இவர்களைக் கூப்பிட்டார்கள்.

அவருக்கு வேறொரு காரியமும் இருந்தது. ஆலையில் ராத்திரி வாட்ச்மேன் வேலை காலி. சம்பளம் குறைவு, ஆனால் பகலில் இருவரும் வீட்டில் இருக்கலாம். இன்றே பதில் சொல்லியாக வேண்டும். அவளைக் கேட்காமல் ஒரு பனியன்கூட வாங்கியறியாத மனுஷன் அவர். வாசற்படியில் நின்று கேட்கிற கேள்வியா அது?

ஆலை வரவேற்பறை சோபாவில், வேலை முடிந்த களைப்பில் அவள் அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தார். தலை அவர் தோளில் சாய்ந்தது. நெற்றியோரம் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

“எழுப்புங்க சார்,” என்றார் போட்டோகிராபர்.

“கொஞ்சம் தூங்கட்டும்பா.”

கை மரத்துப்போனது. அசையவில்லை. மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

“வாட்ச்மேன் வேலைக்கு என்ன சொல்றீங்க? வேற ஆள் வெளிய நிக்கிறார்.”

“அவளைக் கேட்டுட்டுத்தான் சொல்லணும்.”

“பக்கத்துலதானே இருக்காங்க?”

எழுப்பக் கையைத் தூக்கினார். அவள் உதடு குழந்தை மாதிரி லேசாகத் திறந்திருந்தது. கையைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவருக்கே குடுத்துடுங்க சார்.”

போட்டோகிராபர் பொறுமையிழந்து அப்படியே படம் எடுத்தார். வெளிச்சம் பட்டு அவள் திடுக்கிட்டு எழுந்தாள்.

“நீங்க எப்ப வந்தீங்க?”

“இப்பதான்,” என்றார்.