ரோட்டோரம் இறங்கிய வீடு

கிரேன் லாரி வந்து நின்றபோது ஆதிலட்சுமி சாமான்களை இன்னும் கட்டி முடித்திருக்கவில்லை. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

கணவன் வேறொருத்தியோடு போன பிறகு, இருந்த நகைகளை விற்று, ஃபேக்டரியிலேயே முழுதாகச் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கும் இந்த ஒற்றை அறை வீட்டை வாங்கினாள். அந்தப் பணத்துக்குச் செங்கல்லில் அஸ்திவாரம்தான் எழும்பியிருக்கும். அடி அண்ணாமலையில் அண்ணன் மாறனின் நிலத்து ஓரமாக ஒரே காலையில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். "கட்டடம்னா யோசிப்பேன். இது தூக்கிட்டுப் போறதுதானே, வெச்சிக்கோ" என்று அண்ணன் அன்றைக்குச் சொன்னதை அவள் அன்பு என்றே எடுத்துக்கொண்டாள். நான்கு வருடங்கள். லாட்ஜில் நாளெல்லாம் யார் யாருடைய படுக்கையையோ உதறி விரிக்கிறவளுக்கு, தன் படுக்கையை மடிக்காமல் போட்டுவிட்டுப் போக ஓர் இடம் இருந்தது.

போன மாதம் மாறனின் மகனுக்குப் பெண் பார்த்தார்கள்.

"பொண்ணு வூட்டுக்காரங்க அந்த வீடு யாருதுன்னு கேக்கறாங்க ஆதி. நாளைக்கிப் பாத்தியதைக்கு வருவியோன்னு பயப்படறாங்க."

"நான் வருவேனாண்ணா?"

லாரிக்குச் சொல்லிவிட்டதாக மட்டும் மாறன் சொன்னான்.

சங்கிலி இறுகியதும் வீடு முனகிக்கொண்டு மேலே எழுந்தது. உள்ளே பாத்திரங்கள் உருண்டன. மாறன் மோட்டார் கொட்டகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான்.

கீழ்பென்னாத்தூர் தாண்டி வாடகைக்குப் பேசியிருந்த மனைக்குப் போனால், இரண்டு நாள் மழையில் வழியெல்லாம் சேறு.

"உள்ள எறக்கனா வண்டி ஏறாதும்மா. சாயங்காலம் வேற லோடு கீது. இங்கயே ஓரமா வெச்சிட்டுப் போறேன், காஞ்சதும் கூப்புடுங்க" என்றார் டிரைவர்.

சாலையோரப் புளியமரத்தடியில் வீட்டை இறக்கிவிட்டு லாரி போய்விட்டது. கதவைத் திறந்தாள். தரை முழுக்க அரிசி. உட்கார்ந்து கையால் கூட்டி அள்ளத் தொடங்கினாள். இருட்டும் நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

"டீ இருக்குதாம்மா?"

"கடை இல்லீங்க. வீடு."

அவர் சாலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பி நடந்தார்.

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். மேடும் பள்ளமுமான மண்ணில் இறக்கியதில் கதவுச் சட்டம் கோணியிருந்தது. எவ்வளவு தள்ளியும் ஒரு கை அகலம் மூடவில்லை. அந்தச் சந்து வழியாக அடுத்த பஸ்ஸின் வெளிச்சம் உள்ளே வந்து, அரிசியின் மேல் ஊர்ந்து, சுவரேறிப் போனது.