வீட்டில் மூன்று, சாலையில் ஒன்றரை

ஸ்டோயங்கா பெட்டி கட்டி மூன்று நாளாகிவிட்டது. நீச்சலுடை, இரண்டு துவாலை, வெயிலுக்குத் தொப்பி, வறுத்த மிளகாய்ச் சட்னி இரண்டு பாட்டில், எல்லாம் உள்ளே போயாயிற்று. போகவேண்டிய பழைய ஸஸ்தாவா கார்தான் முற்றத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

கிரேக்கக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறேன் என்று கணவன் மிலாதின் சொல்லிப் பதினோரு வருஷம். இந்த வருஷம்தான் அறை எடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை கிளம்ப வேண்டும். வண்டி சரியாகாவிட்டால்? ஸ்டோயங்காவின் அண்ணன் திஹோமிரும் அதே கடற்கரைக்குத்தான் போகிறான், அவன் வண்டியில் தொற்றிக்கொள்ளலாம். பெரிய வண்டி, நல்ல வண்டி. வண்டியில் குறையே இல்லை, உள்ளே திஹோமிர் இருப்பான், அவ்வளவுதான். போன வருஷம் பித்தப்பையிலிருந்து எடுத்த கல்லை ஒரு சின்னக் குப்பியில் போட்டு ஸ்டீயரிங் பக்கத்திலேயே வைத்திருக்கிறான். அறுநூறு கிலோமீட்டருக்கு அந்தக் கல்லின் வரலாற்றைக் கேட்டுக்கொண்டு போவதைவிட ஸ்டோயங்கா வீட்டிலேயே தொட்டித் தண்ணீரில் கால் நனைத்துக்கொள்வாள்.

எல்லாம் இந்த எஞ்சினால் வந்தது. பழசு வசந்தத்தில் மண்டையைப் போட்டது. மிலாதினும் ஓப்ராதும் சேர்ந்து பழைய வண்டிகள் உடைக்கும் இடத்திலிருந்து ஓர் இத்தாலிய எஞ்சினைத் தூக்கிவந்து மாட்டினார்கள். ஓப்ராத் இந்தத் தம்பதியின் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன், ஆகவே அந்த வீட்டில் பாதி அதிகாரம் அவனுக்கு. பழைய எஞ்சினுக்குக் கார்புரேட்டர், சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாலும் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். புதுசு இன்ஜெக்‌ஷன் ஜாதி. பெட்ரோலை மூன்று பார் அழுத்தத்தில் நெட்டித் தள்ளினால்தான் அதற்குத் தொண்டையில் இறங்கும்.

முற்றத்தில் நிற்கும்போது மூன்று பார் இருந்தது. அழுத்தமானியின் முள் ஆடாமல் அசையாமல் நின்றது. சாலையில் அரைமணி ஓடினால் இரண்டரை, இரண்டு, ஒன்றரை, அப்புறம் இருமல், அப்புறம் மௌனம். கொஞ்சம் நிறுத்தி, அங்கே தட்டி இங்கே முறுக்கி, பெட்ரோல் இருக்கிறதா என்று திறந்து பார்த்து மறுபடி கிளப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

பம்பை மாற்றினார்கள். ஃபில்டரை மாற்றினார்கள். அழுத்தத்தைச் சமன்செய்யும் ரெகுலேட்டரை மாற்றினார்கள். ஹோஸைக்கூட விடவில்லை.

"இது எஞ்சின் கோளாறு இல்லடா. களைப்பு" என்றான் ஓப்ராத். "இத்தாலிக்காரன் இல்லையா, மதியம் தூங்கணும் அதுக்கு."

"நீங்க ரெண்டு பேரும் காலையிலேருந்து காப்பி குடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க, களைப்பு எஞ்சினுக்கா?" என்றாள் ஸ்டோயங்கா ஜன்னலிலிருந்து. சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். ஜூலை வெயில்தான். ஆனாலும் எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் அந்தக் காற்று கழுத்தைப் பிடிக்கும், இடுப்பை முறிக்கும் என்பது அவள் கட்சி. முப்பது வருஷமாக மிலாதின் அந்த வீட்டில் வெந்துகொண்டிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசிச் சோதனை. அழுத்தமானியைக் கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டி, மலைச் சாலையில் ஏறினார்கள். ஸ்டோயங்காவும் வழக்கம்போலப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள், சாவிக்காக. பெட்ரோல் டேங்குக்கு மிலாதின் சந்தையில் வாங்கிய புத்தம்புது பூட்டு மூடி போட்டிருந்தான். திஹோமிர் வந்துபோகும் நாளிலெல்லாம் அவனுடைய புல்வெட்டும் இயந்திரம் நன்றாக ஓடும், இவர்கள் டேங்க் மட்டும் வற்றும். எஞ்சின் மாற்றிய அதே வாரம் மூடியும் மாறியது. எஞ்சினைவிட அந்த மூடியைத்தான் மிலாதின் வந்தவர்களுக்கெல்லாம் காட்டினான். சாவியை மட்டும் தொலைத்துவிடுவான் என்று ஸ்டோயங்கா தன் வளையத்தில் கோத்துக்கொண்டாள்.

இருபத்தைந்தாவது நிமிஷம் முள் சரிந்தது. ஒன்றரை. இருமல். மௌனம்.

"போச்சு" என்றான் மிலாதின். "கல்லுக் கதை கேக்க வேண்டியதுதான்."

ஓப்ராத் வண்டிக்கு அடியில் படுத்தான். மிலாதின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கையை நீட்டினான். "சாவியக் குடு. பெட்ரோல் இருக்கான்னு பாக்கணும்."

"நானே பாக்கறேன். உன் தலை அங்கயே இருக்கட்டும்."

அவள் சாவியைத் திருப்பினாள். ப்ஸ்ஸ்ஸ்...

ஸ்டோயங்கா அப்படியே நின்றுவிட்டாள். இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். போன வருஷத்துப் புளிச்செர்ரி ஜாம் பாட்டிலைக் கத்தி முனையால் நெம்பும்போது வருகிற அதே சத்தம்.

"மிலாதின், இது காத்தை உள்ள இழுக்குது."

"எது?"

"உன் டேங்க்தான். ஜாம் பாட்டில் மாதிரி. உள்ள காத்தே இல்ல."

"அதுக்குள்ள பெட்ரோல் இருக்குடி, ஜாம் இல்ல."

"ஒண்ணு கேக்கறேன், ரெண்டு பேரும் சொல்லுங்க. வீட்ல டெஸ்ட் பண்ணினப்ப இந்த மூடி பூட்டி இருந்துச்சா?"

முற்றத்தில் ஊற்றுவதும் பார்ப்பதுமாக இருந்ததால் மூடி கழற்றித்தான் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் சமையலறைக்குப் போய்ச் சாவி கேட்டால் அவள் நாலு வார்த்தை சொல்வாள் என்ற பயம் வேறு.

"சாலையில நின்னப்பெல்லாம் நீ முதல்ல என்ன பண்ணுவே? பெட்ரோல் இருக்கான்னு திறந்து பாப்பே. அப்புறம் அது ஓடும். தூங்கி எழுந்து ஓடலை, மூச்சு விட்டு ஓடுது."

ஓப்ராத் மெதுவாக வெளியே நகர்ந்து வந்தான். முகமெல்லாம் கரி. "பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து வரணும். பழைய மூடியில சின்ன ஓட்டை இருந்துச்சு. இதுல இல்ல" என்றான். பிறகு தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான், கரி அங்கேயும் ஒட்டியது. "நாம பம்பை மாத்தினோம், ஃபில்டரை மாத்தினோம்..."

"என்னையும் மாத்தியிருப்பீங்க, ஸ்பேர் கிடைச்சிருந்தா" என்றாள் ஸ்டோயங்கா.

மூடியை முறுக்காமல் சும்மா வாயில் வைத்து, மேலே துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு மறுபடி கிளம்பினார்கள். அரைமணி. முக்கால் மணி. மலையேறி இறங்கி ஆற்றுப் பாலம் வரைக்கும் போனார்கள். முள் மூன்றை விட்டு நகரவில்லை. மிலாதின் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான்.

"கேட்டியா ஓப்ராத்? முப்பது வருஷமா வீட்ல ஒரு ஜன்னல் திறக்க விடாதவ சொல்றா, காத்து வரணுமாம்."

"பேசாம ஓட்டு."

பழைய மூடியையே மாட்டிவிடலாம் என்றால், அதைத் திஹோமிர் எப்போதோ தன் பெட்ரோல் கேனுக்குக் கொண்டுபோயிருந்தான். அவனிடம் கேட்டால் இந்தக் கதையும் கல்லோடு சேர்ந்து குப்பிக்குள் போய்விடும். அதனால் ஓப்ராத் பட்டறையில் புது மூடியின் உள்தகட்டைப் பிரித்தெடுத்து, தகட்டிலும் மேல்மூடியிலும் ஊசித்துளை போட்டுப் பழையபடி பொருத்தினான்.

சனிக்கிழமை காலை திஹோமிர் ஆரன் அடித்துக்கொண்டு வந்தான். தங்கைக்கு இடம் பண்ணி வைத்திருந்தான், குப்பிக்கு நேர் எதிரே. ஸஸ்தாவா உறுமிக்கொண்டு நிற்பதைப் பார்த்து இறங்கிவந்து, நேராக மூடியிடம்தான் போனான். தடவிப் பார்த்தான்.

"என்ன மாப்ளே, பூட்டு மூடியில ஓட்டை போட்டிருக்கே?"

"வண்டி மூச்சு விடறதுக்கு, மச்சான்."

"இவ்வளவு சின்னதாவா?" என்றான் திஹோமிர், நிஜமான வருத்தத்தோடு. "இதுல என் ஹோஸ் நுழையாதே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே புரிந்தது. யாரும் எதுவும் கேட்பதற்குள் தன் வண்டியில் ஏறி முன்னால் போய்விட்டான்.

ஸ்டோயங்கா பெட்டியைத் தானே தூக்கிப் பின்னால் வைத்தாள், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஊர் எல்லை தாண்டியது. முள் மூன்றில் நின்றது. மிலாதின் பாட்டு மாதிரி ஏதோ முனகிக்கொண்டே கண்ணாடியைக் கொஞ்சம், ஒரு விரல் அளவு, கீழே இறக்கினான்.

"ஏத்து."

"நீதானே சொன்னே, காத்து வரணும்னு?"

"டேங்குக்குச் சொன்னேன்" என்றாள் ஸ்டோயங்கா. "உன் கழுத்துக்குச் சொல்லலை. ஏத்து."