வரைபடத்துக்கு வெளியே ஓர் ஊசி

எம்மெட் ஸ்ப்ரேக் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதை ஐம்பது வருடமாகத் தீனி போட்டு வளர்த்திருந்தார்.

1969 ஆகஸ்டில், பெத்தேல் ஊர்ப் புல்மேட்டில் வுட்ஸ்டாக் இசை விழா நடந்த மூன்று நாளும் அவர் அங்கேயே இருந்தாராம். முதலில் கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்தவர், இருபத்தைந்தாம் ஆண்டு விழா வருவதற்குள் பத்தாவது வரிசைக்கு நகர்ந்துவிட்டார். முப்பதாம் ஆண்டில் மேடைக்கே ஏறி, கிதார் ஒயரைச் சுருட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு மறுவிழாவும் அவருக்கு ஒரு பதவி உயர்வு. யாராவது சந்தேகப்பட்டால் பர்ஸிலிருந்து கிழிக்காத டிக்கெட்டை எடுத்து நீட்டுவார். வேலி சாய்ந்து எல்லோரும் சும்மா புகுந்த விழா அது. டிக்கெட் கிழிக்க வாசலில் ஆளே இல்லை. போனவன் டிக்கெட்டும் முழுசு, போகாதவன் டிக்கெட்டும் முழுசு. அந்தத் தைரியத்தில் காலம் ஓடியது.

ஐம்பதாம் ஆண்டில் வந்தது வினை. புல்மேட்டுக்கு மேலே இருக்கும் அருங்காட்சியகத்தில், பலகைச் சுவரில் மைதானத்தின் பெரிய வரைபடத்தை மாட்டியிருந்தார்கள். அன்று உட்கார்ந்திருந்த இடத்தில் அவரவர் பெயர் எழுதிய சிறு சீட்டைக் கோத்து ஊசியைக் குத்த வேண்டும். மனைவி ஆர்லீன் காலையிலேயே அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் இந்த ஊர்க்காரி, பால்பண்ணை வீட்டுப் பெண். எழுபத்திரண்டாம் வருடம் ஒரு நடன விருந்தில் இந்தக் கதையைச் சொல்லித்தான் அவளை மயக்கியதாக எம்மெட் நம்பியிருந்தார். கதை போய்விட்டால் அவள் கண்ணில் தான் யார் என்ற பயம் அவருக்கு.

"எங்க சார் உக்காந்திருந்தீங்க?" என்று ஊசிப் பெட்டியை நீட்டினாள் அங்கே வேலை பார்க்கும் டெஸ்ஸா.

"மேடைக்குப் பக்கத்துல," ஆர்லீன் முந்திக்கொண்டாள். "இவரு இல்லேன்னா கச்சேரியே நடந்திருக்காது, கேட்டுக்கோ."

நூற்றுக்கணக்கான ஊசிகள். எல்லாம் நிஜமாகவே மழையில் நனைந்தவர்களின் பெயர்கள். எம்மெட்டுக்குக் கை வரவில்லை. ஆர்லீனை ஓரமாகக் கூட்டிப் போனார்.

"நான் போகவே இல்ல, ஆர்லீன்."

"எங்க?"

"விழாவுக்கு. 17பி ரோட்டு நெரிசல்ல வண்டி மாட்டிக்கிச்சு. முன்னாடியும் போக முடியல, திருப்பவும் முடியல. மூணு நாளும் வேன் கூரை மேலேயே உக்காந்திருந்தேன். ஒரு பாட்டுகூடக் கேக்கல."

ஆர்லீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தாள். "பச்சை வேன். மேல கோடு போட்ட மெத்தை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க பண்ணை வாசல்லதானேய்யா நின்னுச்சு! பால் கேன்ல தண்ணியும் அவிச்ச முட்டையும் கொண்டுவந்தது யாருன்னு நினைச்சே? ஆறு முட்டை தின்னுட்டு உப்பு இல்லேன்னு குறை வேற."

எம்மெட்டுக்கு அந்தப் பெண்ணை நன்றாக நினைவிருந்தது. தலையில் துணி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், திட்டிக்கொண்டே எல்லோருக்கும் சோறு போட்டவள். பொய்யில் அவளுக்கு இடமில்லாததால் அவளைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.

"அது நீயா? அப்ப டான்ஸ்ல பார்த்தப்பவே தெரியுமா?"

"பின்னே? மூணு நாளும் விழாவுலயே இருந்தேன்னு என்கிட்டயே அளந்தியே! சிரிப்பை அடக்கத்தான் உன் தோள்ல முகத்தை வெச்சேன். நீ அதைக் காதல்னு நினைச்சுட்டே."

"காதல் இல்லியா?"

"அதுவும்தான்."

"ஏன் இத்தனை வருஷம் சொல்லல?"

"நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். நீ என்னடான்னா வருஷா வருஷம் முன்னாடி நகந்துக்கிட்டே போனே. எங்க வாசலை விட்டுத் தள்ளித் தள்ளி. அதுதான் கொஞ்சம் வருத்தம்."

எம்மெட் வரைபடத்துக்குத் திரும்பினார். மைதானத்தைத் தாண்டி, படத்தின் மரச் சட்டத்தையும் தாண்டி, கையால் சாண் சாணாக அளந்து, வெறும் பலகையில் ஊசியைக் குத்தினார்.

"சார், அங்க மைதானம் இல்லையே!"

"தெரியும்மா. நான் அங்கதான் இருந்தேன்."

ஆர்லீனும் ஓர் ஊசியை எடுத்துத் தன் பெயரை எழுதி, அவர் ஊசியை ஒட்டிக் குத்தினாள்.

"நீங்க அங்க என்ன பண்ணீங்க மேடம்?" என்றாள் டெஸ்ஸா.

"முட்டை அவிச்சேன்."

"உப்பில்லாம," என்றார் எம்மெட்.